மாமியார் என்று பெயர் வாங்கிய ஜாகுவார்

சென்ற மாதம் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் ஒரு கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் ஒரு ஜாகுவார். பெலீஸ் நாட்டுக் காட்டில் ஒரு பாதை வழியே அது நடந்து போகிறது. மரத்தில் கட்டியிருந்த கமரா அதைப் படம் பிடித்துத் தானாகவே அனுப்பியிருக்கிறது. அதை எனக்குத் தட்டிவிட்டவர் ஹரிணி. நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இப்போது இருப்பவர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அன்ரி, இது லைவ்! ஜஸ்ட் நவ் எடுத்தது!" என்று கீழே எழுதியிருந்தார்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வழியை மறித்து நின்றுவிட்டேன். பின்னால் வண்டில் தள்ளிக்கொண்டு வந்தவர், "அக்கா, காய் எடுக்கிறீங்களோ இல்லையோ?" என்று கேட்ட பிறகுதான் விலகினேன்.

எங்கள் காலத்தில் இப்படி ஒரு படத்தைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கமராவுக்குள் ஃபிலிம் சுருள். அதை எடுக்கச் சேற்றில் நடந்து போய், நனையாமல் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து, ரொறன்ரோவில் கழுவிப் பார்த்தால் முக்கால்வாசியும் காற்றில் ஆடிய இலை. மிச்சத்தில் பாதி காட்டுப் பன்றியின் பின்புறம். ஹரிணிக்கு இதைச் சொன்னேன். "அன்ரி, இதை அப்படியே எழுதித் தாங்கோவன், எங்கட ஆக்கள் எல்லாரும் வாசிப்பினம்" என்றார். அதுதான் எழுதுகிறேன்.

என் பெயர் ரெஜினா. சொந்த இடம் மன்னார். போர்க்காலத்தில், விலங்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரொறன்ரோ வந்தேன். பகலில் டோனற் கடையில் வேலை, மாலையில் படிப்பு என்று மிச்சப் பாதியை முடித்தேன். பிறகு திருமணம், டோர்செட் பார்க் பகுதியில் அடுக்குமாடி வீடு, இரண்டு பிள்ளைகள். ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பெட்டி பெட்டியாக வரும் படங்களைப் பிரித்து அடுக்குவது. ஜாகுவாரின் விலாவில் உள்ள வளையங்கள் நம் கைரேகை போல. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. வெளியே பனி கொட்ட, உள்ளே உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இருந்து இந்த விலாவும் அந்த விலாவும் ஒன்றா என்று பார்த்தே என் முதல் சில குளிர்காலங்கள் போயின.

வேலை கிடைத்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு அன்ரி பக்கத்தில் வந்தார்.

"பிள்ளைக்கு எங்க வேலை?"

"யூனிவர்சிற்றியில அன்ரி. புலி ஆராய்ச்சி."

அன்ரி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "உதையெல்லாம் இப்பிடிப் பொது இடத்தில சொல்லக் கூடாது பிள்ளை" என்றார்.

"ஐயோ அன்ரி, இது நாலு கால் புலி. காட்டில இருக்கிறது."

"எந்தக் காட்டில?" அவருடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"மத்திய அமெரிக்காவில."

அப்போதுதான் அன்ரிக்கு மூச்சு வந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் 'பெரிய பூனை ஆராய்ச்சி' என்றுதான் சொல்லி வந்தேன்.

என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போனவர் டொக்டர் ஜூன். சஸ்காச்சுவானில் கோதுமைப் பண்ணையில் வளர்ந்த நெட்டையான பெண். எல்லோரும் அவரை 'ஜூன்' என்றே கூப்பிடுவார்கள். எனக்கு மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைக்க வாய் வராது. ஒரு வருடம் 'டொக்டர், டொக்டர்' என்றே சமாளித்தேன். அவர் அதிகம் பேச மாட்டார், குரலும் உயராது. யோசிக்க வேண்டி வந்தால் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை, அதாவது ஒரு ஆரஞ்சை, எடுத்து, தோல் அறாமல் ஒரே நாடாவாக உரிப்பார். உரித்து முடிந்ததும் முடிவைச் சொல்வார். நாங்கள் யாராவது பதறிக்கொண்டு ஓடிவந்தால் பழத்தை எங்கள் கையில் தந்துவிடுவார். "முதல்ல உரியும். பிறகு சொல்லும்." உரித்து முடிவதற்குள் பதற்றம் பாதியாகிவிடும்.

என் முதல் பயணம் பெலீசுக்கு. நுளம்புக்கடியும் மழையும் சப்பாத்துக்குள் தவளையுமாக ஒரு மாதம். திரும்பி வந்த பிறகு மேல்கையில் ஒரு கட்டி. தொட்டால் உள்ளே ஏதோ நெளிந்தது. வோபர்னில் எங்கள் குடும்ப டொக்டரிடம் போனேன். அவர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து, தன் தாதியையும் வரவேற்பில் இருந்த பிள்ளையையும் கூப்பிட்டார். அந்தக் காடுகளில் ஒரு வகை ஈ இருக்கிறது. அதன் புழு தோலுக்குள் இறங்கி, அங்கேயே உண்டு வளரும். புத்தகத்தில் மட்டும் பார்த்ததை நேரில் பார்த்த மகிழ்ச்சியில் டொக்டர் அதை மெல்ல இழுத்து எடுத்து, ஒரு போத்தலில் போட்டு என்னிடமே தந்தார். வீட்டில் என் மாமியார் அந்தப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிநாட்டுக்குப் போற சனம் சொக்கிலேற் கொண்டு வரும். நீ புழு கொண்டு வந்திருக்கிறாய்."

மாமியைப் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். நான் காட்டில் இருந்த மாதங்களில் என் கணவர் யூஜின் பஸ் ஓட்டப் போய்விடுவார். பிள்ளைகளைப் பார்த்தது மாமிதான். என் வேலையை அவர் ஒரு நாளும் பாராட்டவில்லை. ஒரு நாளும் போகாதே என்று சொன்னதும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கொஸ்ரா ரிக்காவின் வடக்கில், காடு முடிகிற இடத்தில் ஒரு மாட்டுப் பண்ணை. சொந்தக்காரர் தொன் அனிபால். 'தொன்' என்பது அங்கே நம் 'ஐயா' போல. கட்டையான, தொப்பி கழற்றாத மனிதர். அவருடைய கன்றுகளை ஒரு ஜாகுவார் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஜூனுக்கு அவர் ஆள் அனுப்பினார்: வந்து பிடித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் நான் சுட்டுவிடுவேன். சுடுவது சட்டப்படி குற்றம். ஆனால் காட்டோரத்தில் கேட்கும் ஒரு வெடிச் சத்தத்தை யாரும் தேடிப் போவதில்லை.

நாங்கள் போனோம். அவருடைய சமையலறையில் கறுப்பு அவரையும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். ஜூனுக்கு ஸ்பானிஷ் அரைகுறை. எனக்கு அதற்குள் நன்றாக வந்துவிட்டது. தொன் அனிபால் பேசியது என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு முறை, ரெண்டு முறை எண்டால் காடு தன்ர பங்கை எடுத்ததெண்டு விடலாம். உது இப்ப என்ர வளவையே தன்ர குசினி எண்டு நினைச்சிட்டுது, தொக்தோரா."

"நான் டொக்டர் இல்லை" என்றேன்.

"இங்க மிருகத்துக்கு ஊசி போடுற எல்லாரும் டொக்டர்தான்."

ஜூன் ஒரு பழத்தை உரித்து முடித்தார். ஜாகுவாரைப் பிடித்து, தூரத்தில் இருந்த ஒரு மீட்பு நிலையத்தின் கூட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. கூட்டுக்குள் போகிற காட்டு விலங்கு பிறகு வெளியே வருவதில்லை. எங்களுக்கு அது தெரியும். ஆனாலும் சாவதைவிட அது மேல் என்று ஜூன் நினைத்தார். அரசாங்க அனுமதி எடுத்தோம். கொண்டுபோவதாக வாக்குச் சொல்லி ஜூன் தொன் அனிபாலுக்குக் கை கொடுத்தார். அந்தப் பகுதிப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் ஜூனுடைய கையை நம்பித்தான் தங்கள் படலையைத் திறந்து எங்களை உள்ளே விட்டார்கள்.

பிடிப்பதற்குக் கம்பிச் சுருக்கு வைப்போம். காலைச் சுற்றி இறுகும், ஆனால் வெட்டாது. அதில் ஒரு சின்ன வானொலிக் கருவி இருக்கும். சுருக்கு விழுந்தால் எங்கள் பெட்டியில் அதன் துடிப்பு மாறும். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விடிகாலை, கோப்பி அடுப்பில் இருக்கும்போது துடிப்பு மாறியது.

தொன் அனிபால் எங்களுக்கு முன்னதாகவே ஜீப்பில் ஏறியிருந்தார், தோளில் துவக்கோடு.

"துவக்கு ஜீப்பிலேயே இருக்கட்டும் எண்டு சொல்லும்" என்றார் ஜூன். சொன்னேன்.

"துவக்கு இல்லாமல் அதுக்கு முன்னால போக நான் விசரனோ?"

ஜூன் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் குடையை எடுத்து அவரிடம் நீட்டினார். "மயக்கத்தில இருக்கேக்குள்ள அதுக்கு நிழல் வேணும். ஆராவது குடை பிடிக்க வேணும். வேற ஆள் இல்லை."

பெண் ஒருத்தி உதவி கேட்டால் மறுக்கும் பழக்கம் அந்தத் தலைமுறை ஆண்களிடம் அங்கே இல்லை. அவர் துவக்கை வைத்துவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டார்.

மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில், ஒரு அத்தி மரத்தடியில் அது இருந்தது. உறுமல் எனக்குக் காதில் கேட்கவில்லை. விலா எலும்பில் கேட்டது. ஜூன் ஊசி எய்யும் துப்பாக்கியால் தொடையில் அடித்தார். காத்திருந்தோம். தலை மெல்லச் சாய்ந்தது. ஜூன் நீண்ட தடியால் காதைத் தொட்டுப் பார்த்தார். காது ஆடவில்லை.

இங்கேயிருந்து ஜூனுடைய முறை ஒன்று. ஒரு வேலையை ஒருவர் செய்து, வாயால் சொல்ல வேண்டும். மற்றவர் கண்ணால் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். தலைக்குள் வைத்திருப்பது கணக்கில் இல்லை.

"காலில சுருக்குக் கழட்டியாச்சு."

"சுருக்குக் கழட்டியாச்சு."

"கண்ணுக்கு மருந்து போட்டுக் கட்டியாச்சு." மயக்கத்தில் இமை மூடாது, விட்டால் கண் காய்ந்துவிடும். களிம்பு பூசி மேலே துணி கட்டுவோம்.

"மருந்து போட்டுக் கட்டியாச்சு."

நாக்கை வெளியே இழுத்துவிட்டு அதில் ஒட்சிசன் அளக்கும் கவ்வியை மாட்டினோம். பல்லைப் பார்த்தோம்: நடுத்தர வயது, ஒரு கோரைப்பல் நுனி உடைந்தது. பெண். பாதத்தை விரித்து வைத்தேன். என் உள்ளங்கையை அது முழுதாக மூடியது. மூச்சை எண்ணுவது என் வேலை. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து வாய்விட்டு எண்ண வேண்டும். ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். எப்போது தமிழுக்கு மாறினேன் என்று எனக்குத் தெரியாது.

"ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

வெயில் ஏறியது. ஜூன் வெப்பமானியைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார். மயக்கத்தில் இருக்கும் விலங்கால் தன் சூட்டைத் தணிக்க முடியாது. நாற்பது பாகையைத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். அது நாற்பதைத் தொட்டிருந்தது.

"தண்ணி" என்றார் ஜூன். இருந்த போத்தல்களை எல்லாம் பாதங்களிலும் தொடை இடுக்கிலும் ஊற்றினோம். போதவில்லை. எண்ணுவதை நிறுத்தாமல் தொன் அனிபாலைப் பார்த்துத் தலையை மட்டும் தூரத்தில் தெரிந்த மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் ஆட்டினேன். அவர் குடையைத் தரையில் ஆழமாகக் குத்தி நிறுத்திவிட்டு, அதை நோக்கி ஓடினார். திரும்பி வரும்போது இரண்டு கைகளிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய பால் கான்கள். ஒன்றை அதன் வயிற்றில் கவிழ்த்தார்.

நனைந்ததும் வயிற்று மயிர் ஒட்டிக்கொண்டது. அதுவரை மயிருக்குள் மறைந்திருந்தது தெரிந்தது. முலைகள் வீங்கியிருந்தன. காம்பைச் சுற்றி மயிர் தேய்ந்திருந்தது.

நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஜூனும் பார்த்துவிட்டார். காட்டுக்குள் எங்கேயோ, ஏதோ ஒரு மரப் பொந்திலோ கல் இடுக்கிலோ இதன் குட்டிகள் இருக்கின்றன. இதைக் கூட்டுக்குக் கொண்டுபோனால் அவை பட்டினியால் சாகும். அவிழ்த்து விட்டால், கொடுத்த வாக்கில் தவறினவர் ஆகிறார் ஜூன். அடுத்த முறை தொன் அனிபால் எங்களைக் கூப்பிட மாட்டார், துவக்கைத்தான் எடுப்பார். மற்றப் பண்ணைகளும் படலையைச் சாத்தும். ஜூனுடைய கை பைக்குள் போய் வெறுமையாகத் திரும்பியது. அன்று பழம் கொண்டுவர மறந்துவிட்டார்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும் ரெஜினா. ஒண்டும் கூட்டிச் சொல்ல வேண்டாம்." பிறகு தொன் அனிபாலைப் பார்த்துப் பேசினார். "இதைக் கொண்டு போறன் எண்டு உங்களுக்குக் கை தந்தனான். கொண்டு போகச் சொன்னால் இப்பவே கொண்டு போவன். ஆனால் அதுக்கு முன்னம் கிட்ட வந்து ஒருக்காப் பாருங்கோ."

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவர் முழங்காலில் இருந்தார். வாழ்நாள் முழுக்கப் பால் கறந்த கை அது. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காம்பை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். பால் வந்தது. விரலைப் பார்த்தார். காற்சட்டையில் துடைத்தார்.

"குட்டியள் எங்க?"

"தெரியாது" என்றேன். "காட்டுக்குள்ள."

"எத்தினை?"

"அதுவும் தெரியாது."

அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று கையை வீசினார். "அப்ப உவள் என்ர கண்டுகளைத் திண்டு தன்ர பிள்ளையளுக்குப் பால் குடுக்கிறாள்!"

"ஓம்."

"அப்ப அது ஆரின்ர பால்? என்ர புல்லு, என்ர தண்ணி, என்ர கண்டு. அந்தப் பால் என்ர பால்!"

நான் இதை ஜூனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஜூன் மிகுந்த கவனத்தோடு, "ஓம், அப்பிடித்தான்" என்றார்.

தொன் அனிபால் அதன் தலைமாட்டுக்குப் போனார். மற்றக் கானையும் எடுத்து, இந்த முறை அவசரப்படாமல், பாதம் பாதமாக ஊற்றினார்.

"என்ர பாலை நான் ஒரு நாளும் நிலத்தில ஊத்தினதில்லை. விடுங்கோ அவளை."

வெப்பமானி இறங்கத் தொடங்கியது. அதன் நடமாட்டத்தை எங்களுக்குச் சொல்லும் கழுத்துப் பட்டியைக் கட்டினோம். இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டேன். "இடைவெளி சரி." "இடைவெளி சரி." மயக்கம் தெளிவிக்கும் ஊசியைப் போட்டுவிட்டு ஜீப்புக்குள் போய் இருந்தோம். அது தலையைத் தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. எழுந்து குடித்தவரைப் போல நாலு அடி வைத்துக் குந்திக்கொண்டது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு நிதானமாகக் காட்டுக்குள் போனது. குடை மட்டும் தனியாக மரத்தடியில் நின்றது.

ஜூன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார். நான் அழுதேன். அழுதபடியே எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தொன் அனிபால் என்னைக் கேட்டார்: "தொக்தோரா, நீங்கள் ஓதினது என்ன மந்திரம்?"

"எந்த மந்திரம்?"

"அது படுத்திருக்கேக்குள்ள ஓதிக்கொண்டே இருந்தனீங்களே. உங்கட நாட்டு மந்திரம்."

"ஐயோ, அது நம்பர். மூச்சை எண்ணினனான். நானும் உங்களைப்போலக் கத்தோலிக்கம்தான்."

அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னார்: "அதை ஆருக்கும் சொல்லிப்போடாதேயுங்கோ. நான் மந்திரமெண்டுதான் சொல்லப் போறன்."

அத்தோடு கதை முடியவில்லை. அவர் விட்டுக்கொடுத்ததற்கு நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஜூன் சொன்னார். பசுக்கள் கன்று போடும் இடத்தை வீட்டுக்கு அருகே மாற்றி, சுற்றி மின்சார வேலி போடுவது என்று தீர்மானித்தோம். கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை; நாங்களே கட்டினோம். கட்டையும் கம்பியும் சுமந்து கை கொப்பளித்தது. மின்சாரம் வருகிறதா என்று பார்க்கத் தொன் அனிபால் ஒரு புல்லை நீட்டித் தொடச் சொன்னார். புல் ஈரம். நான் துள்ளியதைப் பார்த்து மாடுகளே ஒதுங்கின. அவர் வேலியைப் பிடிக்காமல் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்த நாட்களில்தான் அதற்கு அவர் பெயர் வைத்தார். 'லா சுயேக்ரா'. மாமியார்.

"ஏன் அந்தப் பேர்?" என்று கேட்டேன்.

"சொல்லாமல் வருவாள். இருக்கிறதுக்குள்ள நல்லதாப் பார்த்துத் தின்பாள். ஆரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

அன்று பின்னேரம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது, நடந்த எல்லாவற்றையும் மாமிக்குச் சொன்னேன். பெயர் விஷயத்தை வாய் தவறித்தான் சொல்லிவிட்டேன். லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"மாமி?"

"நல்ல பேர்தான்" என்றார் மாமி. "பிள்ளையளை வளர்க்கிறதெண்டால் லேசில்லை. திண்டிட்டுப் போகட்டும். நீ சாப்பிட்டியோ?"

பனிக்காலத்தில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்குத் தொன் அனிபாலிடமிருந்து அழைப்பு வந்தது. கழுத்துப் பட்டி அனுப்பிய புள்ளிகளை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமியார் பெரும்பாலும் காட்டின் உட்புறத்திலேயே இருந்தாள். ஆனால் சில நாட்களுக்கு முன் ஒரு புள்ளி பண்ணைக்குள் விழுந்திருந்தது.

"ஒரு கண்டு போச்சு, தொக்தோரா."

கதிரையைத் தேடி இருந்தேன். "நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"துவக்கை எடுத்தன்."

"ஐயோ, அவளைச் சுட்டிட்டீங்களோ?"

"மருமோனைக் கலைக்கத்தான்! வேலிப் படலையைத் திறந்து விட்டிட்டு ஃபுட்போல் பார்க்கப் போனவன். கண்டு வெளியில போயிட்டுது. பிறகு அவள் எடுப்பாள்தானே? அவளில என்ன பிழை?"

ஜூனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஜூன் என் கையில் ஒரு தோடம்பழத்தைத் தந்தார். உரிக்க முடியாதபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயணத்தில், காட்டுக்குள் வைத்திருந்த ஒரு கமராவில் அவர்கள் வந்தார்கள். முன்னால் மாமியார், கழுத்தில் எங்கள் பட்டி. பின்னால் இரண்டு குட்டிகள். ஒன்று தாயின் வாலைக் கவ்வ எட்டிப் பாய்கிறது. மற்றது கமராவை மூக்கால் முகர்கிறது. பெரிதாக அச்சடித்துத் தொன் அனிபாலுக்குக் கொண்டுபோனேன். அவர் அதைப் பால் கறக்கும் கொட்டிலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிற அயலவர்களுக்கெல்லாம், "என்ர பாலில வளர்ந்த பிள்ளையள்" என்று காட்டுவாராம். அவர்களில் சிலர் பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள், வேலி எப்படிப் போடுவது என்று கேட்டு. ஜூன் ஓய்வு பெற்று சஸ்காச்சுவானுக்குத் திரும்பிய பின்பும் அந்த வேலிகளைப் போடுவது என் வேலையில் ஒரு பகுதியாகவே இருந்தது. வேலியால் எல்லாப் பண்ணையிலும் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடங்களில் தோற்றோம். ஆனால் தொன் அனிபாலுடைய கொட்டிலில் இருந்த படம், நாங்கள் எழுதிய அறிக்கைகளைவிட அதிகம் பேசியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை அங்கே போனேன். தொன் அனிபால் கிழவராகியிருந்தார், தடி ஊன்றி நடந்தார். தொப்பி மட்டும் அதே இடத்தில். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, "வாங்கோ, வேலியைப் பார்த்துக்கொண்டு வருவம்" என்றார். மெதுவாக நடந்தோம். மருமகன் இப்போது திருந்திவிட்டான் என்றும், ஆனால் முழுக்க இல்லை என்றும் சொல்லிக்கொண்டு வந்தார்.

வேலி திரும்புகிற இடத்தில் அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

காட்டிலிருந்து ஒரு ஜாகுவார் வெளியே வந்து பாதையில் நின்றது. இத்தனை வருடங்களில் நான் பார்த்த ஜாகுவார்கள் எல்லாம் படத்தில் இருந்தவை, அல்லது என் கைக்குக் கீழே மயக்கத்தில் கிடந்து பிறகு தள்ளாடி எழுந்து போனவை. தன்பாட்டில் நடந்து வந்த ஒன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் அப்படித்தான். அது எங்களைப் பார்த்தது. அவசரப்படவில்லை. வெயில் விழுந்த இடமாகப் பார்த்துக் குந்தி, முன்னங்காலைத் தூக்கி, வீட்டுப் பூனையைப் போல நக்கத் தொடங்கியது. விரல்களை விரித்து இடையில் நக்கியது. காதை ஆட்டி ஒரு ஈயைத் துரத்தியது.

என் கை தன்பாட்டில் இடுப்புப் பையைத் தேடியது. வெப்பமானி, துணி, களிம்பு. ஒன்றும் தேவையில்லை. அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் எண்ண வேண்டியதில்லை. ஒரு ஜாகுவாருக்கு முன்னால் எனக்கு எந்த வேலையும் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. வெறுமனே நின்றேன். அது எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, மறுபக்கக் காட்டுக்குள் போனது. போன பிறகுதான் தெரிந்தது, விலாவைப் பார்க்கவே மறந்துவிட்டேன் என்று. அது மாமியாரா, அவளுடைய பிள்ளையா, வேறு யாரோவா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"போட்டோ எடுத்தனீங்களோ?" என்று மெல்லக் கேட்டார் தொன் அனிபால்.

"இல்லை."

"நல்லது" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

நாங்கள் திரும்பினோம். முதலில் எதிர்ப்பட்டவர் பால்காரர். தொன் அனிபால் அவரிடம் சொல்லும்போதே அது ஒரு பெரிய கடுவனாகிவிட்டது. கொட்டிலில் மருமகனிடம் சொன்னபோது ஒரு கிடாரி அளவுக்கு வளர்ந்தது. சமையலறையில் மனைவியிடம் சொன்னபோது, அது எங்களுக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருந்தது.

அவருடைய மனைவி என் பக்கம் திரும்பி, "உண்மையோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "நானும் பார்த்தன்."